டர்பனின் 40 வேறு, ஜோகன்னஸ்பர்க்கின் 40 வேறு: ஒரு பயோரியாக்டரை மேட்டுநிலத்துக்கு மாற்றிய பதிவு

கருவி 5 லிட்டர் கண்ணாடி பயோரியாக்டர், அதாவது செல்களை வளர்க்கும் கலன். அதில் நிரப்புவது 3 லிட்டர். உள்ளே வளர்பவை சைனீஸ் ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து வந்த சி.எச்.ஓ. செல்கள், மோனோகுளோனல் ஆன்டிபாடி சுரக்கும் வகை. ஜெல் நிரப்பிய கண்ணாடி பி.எச். மின்முனை ஒன்று, ஒளியால் அளக்கும் கரைந்த ஆக்சிஜன் சென்சார் ஒன்று, பி.டி. 100 வெப்ப உணரி ஒன்று. காற்று, ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் நான்குக்கும் தனித்தனி மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் (வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி). டர்பனில் கடலோரத்தில் ஓடிக்கொண்டிருந்த இந்த அமைப்பு, என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தது. செய்முறைத் தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை; கரைந்த ஆக்சிஜனைப் பிடித்து வைக்க வேண்டிய அளவு (செட் பாயின்ட்) அங்கேயும் 40 சதவீதம், இங்கேயும் 40. மாறியது காற்றழுத்தம் மட்டும்: டர்பனில் 101 கிலோபாஸ்கல், இங்கே சுமார் 83.

அந்த ஒரு மாற்றம் எங்கெல்லாம் நுழைகிறது என்பதுதான் இந்தப் பதிவு. கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கோ, உள்நாட்டிலிருந்து கடலோரத்துக்கோ செல் வளர்ப்பை மாற்றும் எல்லாருக்கும் இதே இடங்களில்தான் இடிக்கும்.

முதல் அறிகுறி ஆக்சிஜன் சென்சாரில் தெரிந்தது. டர்பனில் கேலிப்ரேட் செய்த (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்த) சென்சாரை அப்படியே மாட்டி, 37 டிகிரியில் மீடியத்துக்குள் (செல்கள் வளரும் திரவத்துக்குள்) காற்றை விட்டு மணிக்கணக்கில் காத்தாலும் திரையில் 81 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. இந்த இடத்தில் பலர் சென்சாரின் தொப்பியை மாற்றிவிடுவார்கள். புதுத் தொப்பி போட்டதும் மறுபடி 100க்கு கேலிப்ரேட் செய்வார்கள், திரையும் 100 காட்டும், தொப்பிதான் பழுது என்று முடிவாகிவிடும். உண்மையில் பழைய தொப்பி சொன்னதுதான் சரி. கணக்கு இது: 37 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 6.3 கிலோபாஸ்கல். டர்பனில் 101.3லிருந்து அதைக் கழித்து, மீதியில் 20.95 சதவீதம் எடுத்தால் ஆக்சிஜனின் பங்கு 19.9 கிலோபாஸ்கல். ஜோகன்னஸ்பர்க்கில் 83லிருந்து கழித்தால் 16.1. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.81. சென்சார் அளப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை; சதவீதம் என்பது நாம் அதற்கு ஒட்டும் சீட்டு. உள்ளூர்க் காற்றில் எவ்வளவு கரையுமோ அதற்கு 100 என்று பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே இங்கே 100க்கு கேலிப்ரேட் செய்துவிட்டு செட் பாயின்ட்டை 40ல் விட்டால், செல்லுக்குக் கிடைப்பது டர்பனின் 40 இல்லை, டர்பனின் 32. லிட்டருக்கு மில்லிகிராமில் சொன்னால் அங்கே 2.7, இங்கே 2.2. சி.எச்.ஓ. செல்கள் இந்த வித்தியாசத்தில் சாவதில்லை. வளர்ச்சிக் கோடு ஏறக்குறைய அதே போல வரும். அதனால்தான் தவறு வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் இரண்டு ஊர்களின் பேட்ச்களை ஒப்பிடும்போது ஆன்டிபாடியின் சர்க்கரைச் சங்கிலிகளில் ஏன் வேறுபாடு என்று தேட ஆரம்பித்தால், இரண்டும் ஒரே ஆக்சிஜனில் வளர்ந்தவை என்று சொல்ல முடியாது. தேடலின் முதல் படியே உடைந்துவிடுகிறது.

திருத்த மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உள்ளூர்க் காற்றை 100 என்றே வைத்து செட் பாயின்ட்டை 50 ஆக்குவது, 40ஐ 0.81ஆல் வகுத்தால் 49.4 வரும். இரண்டு, கேலிப்ரேட் செய்யும்போதே உள்ளூர்க் காற்றுக்கு 81 என்று கொடுத்து செட் பாயின்ட்டை 40ல் விடுவது. மூன்று, சதவீதத்தையே விட்டுவிட்டு திரையின் அலகை மில்லிபாருக்கு மாற்றுவது. அப்போது எந்த ஊரிலும் செட் பாயின்ட் 80 மில்லிபார். டிரான்ஸ்மிட்டர் (சென்சாரின் அளவைப் படித்துக் காட்டும் பெட்டி) இடம் கொடுத்தால் மூன்றாவதுதான் சிறந்தது, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இடம் கொடுக்காவிட்டால் முதல் வழி. இரண்டாவதைத் தவிர்ப்பது நல்லது: கேலிப்ரேஷன் திரை எப்போதும் 100 என்ற எண்ணோடுதான் திறக்கும், இரவு ஷிஃப்டில் ஒருவர் அதை மாற்ற மறந்தால் பேட்ச் முழுவதும் தவறிப்போகும். செட் பாயின்ட் அப்படியில்லை, ரெசிபியில் பூட்டி வைக்கலாம். மிக மோசமானது முதல் இரண்டையும் சேர்த்துச் செய்வது. 81 என்று கேலிப்ரேட் செய்து, செட் பாயின்ட்டையும் 50 ஆக்கினால் உள்ளூர் அளவில் 62 சதவீதம் பிடித்து வைக்க வேண்டி வரும். காற்று மட்டும் போதாமல் முதல் நாட்களிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் கரைய ஆரம்பிக்கும்.

காற்றழுத்தத்தை டிரான்ஸ்மிட்டரில் பதிக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செயலி ஜோகன்னஸ்பர்க்குக்கு 1,020 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டும். அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் அழுத்தம், அறையில் இருக்கும் அழுத்தம் இல்லை. அறையில் இருப்பது 830 அளவில். செயலியைப் பார்த்து 1,020 பதித்தால் எல்லாத் திருத்தமும் தலைகீழாகும். ரத்த வாயு பகுப்பாய்வி இருந்தால் அதற்குள்ளேயே ஒரு பாரமானி உண்டு. அது 620 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அதைவிட நம்பகமான எண் அறையில் வேறு கிடைக்காது.

கேலிப்ரேஷனைச் செய்த முறை: அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் பிறகு, மீடியம் 37 டிகிரிக்கு வந்ததும், கலக்கியை ஓட்டப்போகும் வேகத்திலேயே ஓடவிட்டு நைட்ரஜன் செலுத்துவது. எண் அசையாமல் நின்றதும் பூஜ்யம். பிறகு காற்று, கார்பன் டை ஆக்சைடு கலக்காமல். குறைந்தது 30 நிமிடம் எண் நிலைத்திருக்க வேண்டும். திரவத்துக்கு மேலே இருக்கும் காலி இடத்தில் நைட்ரஜன் தங்கியிருந்தால் 97லேயே நின்றுபோகும், அவசரப்பட்டு அதையே 100 ஆக்கிவிடக் கூடாது. மேல்வாயு (அந்தக் காலி இடத்துக்குள் விடும் வாயு) வழியாகவும் காற்றை விட்டு அதைத் துரத்த வேண்டும். பழைய போலரோகிராஃபிக் மின்முனை என்றால் இதற்கெல்லாம் முன் ஆறு மணி நேரம் மின்னழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும். ஒளிச் சென்சாருக்கு அது தேவையில்லை.

அடுத்து ஆட்டோகிளேவ். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவுக்குக் குடிபோன வீடுகளில் சுகர் பீன்ஸ் வேக முன்னைவிட நேரம் எடுப்பதைச் சமைப்பவர்கள் கவனித்திருப்பார்கள். இங்கே தண்ணீர் 95 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. ஆட்டோகிளேவிலும் அதே இயற்பியல்தான். 121 டிகிரி நீராவிக்கு முழு அழுத்தம் 205 கிலோபாஸ்கல் வேண்டும். டர்பனில் மானி 104 காட்டினால் அது 205. ஜோகன்னஸ்பர்க்கில் மானி அதே 104ஐக் காட்டும்போது முழு அழுத்தம் 187தான். நீராவி 118 டிகிரியில் நிற்கும். மூன்று டிகிரிதானே என்று விட முடியாது, வெப்பத்தைத் தாங்கும் வித்துகளைக் கொல்லும் வேகம் அந்த மூன்று டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். மானியைப் பார்த்து ஓட்டும் பழைய ஆட்டோகிளேவ்களில் இங்கே 122 கிலோபாஸ்கல் வைக்க வேண்டும். வெப்ப உணரியால் ஓடும் புதியவை தாமாகவே சரியாகும், ஆனாலும் கலனுக்குள் இன்னொரு உணரியை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. இறக்கும்போதும் கவனம் வேண்டும்: திரவம் 95 டிகிரியிலேயே கொதிப்பதால், டர்பனில் பழகிய நேரத்தில் வால்வைத் திறந்தால் அது பொங்கி வெளியேற்றும் ஃபில்டரை நனைத்துவிடும். நனைந்த ஃபில்டர் அடைத்த ஃபில்டர்.

பி.எச். மின்முனையை உயரம் நேரடியாகத் தொடுவதில்லை. பஃபர் 7.00, பஃபர் 4.00, சாய்வு 25 டிகிரியில் ஓர் அலகுக்கு 59 மில்லிவோல்ட், 37ல் 61.5. சாய்வு 95 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். பி.எச்.சை உயரம் தொடுவது கார்பன் டை ஆக்சைடு வழியாக, அதுவும் பயோரியாக்டருக்கு முன்னாலேயே, விதைக் குடுவைகள் (பயோரியாக்டரில் போடப்போகும் செல்களை முதலில் வளர்ப்பவை) இருக்கும் இன்குபேட்டரில். இந்தப் பகுதி கொஞ்சம் நுட்பமானது, மெதுவாகப் படியுங்கள்.

5 சதவீத கார்பன் டை ஆக்சைடு என்றால் டர்பனில் பகுதி அழுத்தம் 4.75 கிலோபாஸ்கல், ஜோகன்னஸ்பர்க்கில் 3.84. மீடியத்தில் பைகார்பனேட் மாறாதபோது பி.எச். 0.09 ஏறும். 7.20ல் வளர்ந்த விதை 7.29ல் வளரும். திருத்த 6.2 சதவீதம் வைக்க வேண்டும். ஆனால் இன்குபேட்டரின் அகச்சிவப்பு சென்சார் உண்மையில் எண்ணுவது தன் வழியில் இருக்கும் மூலக்கூறுகளை. டர்பனில் கேலிப்ரேட் செய்து, அழுத்தத் திருத்தம் இல்லாமல் இங்கே கொண்டுவந்தால், திரையில் 5 என்று இருக்கும்போது உள்ளே உண்மையில் 6 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதாவது எண் தவறு, செல்லுக்குக் கிடைப்பது சரி. பிறகு சர்வீஸ் நாளன்று, சான்றிதழ் பெற்ற 5 சதவீத வாயுவைக் கொண்டு அதைச் 'சரியாக' கேலிப்ரேட் செய்வார்கள். அன்றிலிருந்து எண் சரி, செல்லுக்குக் கிடைப்பது குறைவு. விதைக் குடுவைகளின் பி.எச். திடீரென்று ஏறிய தேதியையும் இன்குபேட்டரின் சர்வீஸ் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். கேலிப்ரேட் செய்தபின் செட் பாயின்ட்டை 6.2க்கு மாற்றி, கதவிலேயே எழுதி ஒட்டிவிடுவது வழி.

பயோரியாக்டருக்குள் பி.எச். கட்டுப்பாட்டில் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வரும் சிக்கல் சாம்பிளைச் சரிபார்ப்பதில். எடுத்த சாம்பிள் காற்றில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கார்பன் டை ஆக்சைடை இழக்கிறது, பி.எச். ஏறுகிறது. சிரிஞ்சில் காற்றுக் குமிழ் இல்லாமல் எடுத்து, மூடி, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் 37 டிகிரியில் அளக்க வேண்டும். மின்முனைக்கும் சாம்பிளுக்கும் வித்தியாசம் 0.05ஐத் தாண்டினால், இன்னொரு சாம்பிள் எடுத்து உறுதி செய்தபின் ஒரு புள்ளித் திருத்தம். 0.02, 0.03 வித்தியாசத்துக்கெல்லாம் தினமும் திருத்துபவர்கள் மின்முனையைச் சரிசெய்வதில்லை, தங்கள் சாம்பிள் எடுக்கும் தடுமாற்றத்தைக் கட்டுப்பாட்டுக்குள் புகுத்துகிறார்கள்.

ஆக்சிஜன் கொடுக்கும் திறன்தான் உயரத்தின் மிகப் பெரிய அடி. ஒரு கோடி செல் ஒரு மில்லிலிட்டரில் இருந்து, ஒரு செல் மணிக்கு 0.25 பிகோமோல் எடுத்தால், லிட்டருக்கு மணிக்கு 2.5 மில்லிமோல் வேண்டும். கலனின் கே.எல்.ஏ. (வாயுவிலிருந்து திரவத்துக்கு ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும் எண்) மணிக்கு 15 என்று வைப்போம். டர்பனில் காற்று தரக்கூடிய உச்சம் லிட்டருக்கு 0.21 மில்லிமோல், பிடித்து வைப்பது 0.084, இடைவெளி 0.126. பெருக்கி, ஒரு செல்லின் தேவையால் வகுத்தால் காற்று மட்டுமே மில்லிலிட்டருக்கு 76 லட்சம் செல்லைத் தாங்கும். ஜோகன்னஸ்பர்க்கில் உச்சம் 0.17, பிடித்து வைப்பது அதே 0.084, இடைவெளி 0.086. தாங்குவது 52 லட்சம். அழுத்தம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே, திறன் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்குக்கு அருகே. உச்சம் இறங்குகிறது, செல்லின் தேவை இறங்குவதில்லை. இடைவெளி இரண்டு பக்கமும் நசுங்குவதில்லை, ஒரே பக்கமாக நசுங்குகிறது. அதனால் ஆக்சிஜன் கலப்பு முன்னதாகவே தொடங்கும். சிலிண்டர் இருப்பை அதற்கேற்ப ஏற்ற வேண்டும்.

கே.எல்.ஏ.வைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் கலனிலேயே அளப்பது நல்லது. நைட்ரஜனால் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, மேல்வாயுவிலும் காற்றுக்கு மாறி, 5 வினாடிக்கு ஒரு எண்ணாகப் பதிந்து, 20லிருந்து 80 வரையுள்ள பகுதியை மட்டும் எடுத்து, இடைவெளியின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வுதான் கே.எல்.ஏ. செல் இல்லாமல், ஆனால் மீடியத்தோடும் நுரை அடக்கியோடும் செய்ய வேண்டும். வெறும் தண்ணீரில் எடுத்த எண்ணை நம்பி, பிறகு சிலிக்கோன் நுரை அடக்கி விழுந்ததும் அது சரிவதைக் கண்டு திகைப்பது வழக்கமான தவறு.

மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலர் எண்ணுவது மூலக்கூறுகளை. அது 50 மில்லிலிட்டர் என்றால் கடல் மட்டக் கணக்கில் 50. அதே வாயு இங்கே 22 சதவீதம் விரிந்து குமிழாக வருகிறது. கே.எல்.ஏ. அதனால் சிறிது கூடும், கார்பன் டை ஆக்சைடு நன்றாக வெளியேறும். கூடவே நுரையும் கூடும். பந்து மிதக்கும் ரோட்டாமீட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. வெளியேறும் பக்கம் வளிமண்டல அழுத்தத்தில் இருந்தால், அதே கோட்டில் பந்து நிற்கும்போது பருமன் 10 சதவீதம் அதிகம், மூலக்கூறு 10 சதவீதம் குறைவு. இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் எழுதக் கூடாது.

விரிந்த வாயு தண்ணீரையும் அதிகம் தூக்கிச் செல்கிறது. ஸ்பார்ஜரில் (திரவத்துக்குள் குமிழ் விடும் குழாயில்) 50, மேல்வாயுவில் 200, மொத்தம் நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் உலர்ந்த வாயு, கண்டென்சர் இல்லை என்றால், டர்பனில் நாளுக்கு 19 கிராம் தண்ணீர் போகும், இங்கே 24. பதினான்கு நாளில் 330 கிராம். 3 லிட்டரில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஃபீட் (கூடுதல் ஊட்டம்) சேர்க்காமலே ஆஸ்மொலாலிட்டி (கரைந்த பொருள்களின் செறிவு) ஏறுவதற்கு இது ஒரு காரணம், பலர் சந்தேகிக்காத காரணம். கண்டென்சருக்கு 10 டிகிரித் தண்ணீர் விட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் கோடையில் போதாது.

மீடியம் பைகளைப் பற்றி ஒரு வரி: டர்பனில் நிரப்பி மூடிய பை வான் ரீனன் தாண்டியதும் உப்பிவிடும். உள்ளே காற்றே இல்லாமல் பிழிந்து மூடினால் தாங்கும், தையலில் கசிவும் வராது.

கடைசியாக லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது. இது உயரத்தால் வருவது இல்லை, ஆனாலும் கணக்கில் எடுக்க வேண்டியது. லிட்டருக்கு 0.084 மில்லிமோல் கரைந்திருக்கிறது, செல்கள் மணிக்கு 2.5 எடுக்கின்றன. வகுத்துப் பாருங்கள்: இரண்டு நிமிடம். கலக்கியும் வாயுவும் நின்ற இரண்டு நிமிடத்தில் ஒரு கோடி செல் அடர்த்தியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஜெனரேட்டர் 30 வினாடியில் ஏறிவிடுகிறது என்றால் பரவாயில்லை, பேட்டரியை நம்பும் இடங்களில் முன்னுரிமை இப்படி: கலக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டி, வாயு வால்வுகள். அதிக மின்சாரம் இழுக்கும் ஹீட்டர் பிளாங்கெட்டைப் பேட்டரியில் சேர்க்க வேண்டாம். 33 டிகிரிக்கு இறங்கினால் செல்கள் மெதுவாகும், சாகாது; உற்பத்தியில் வேண்டுமென்றே அந்த அளவுக்கு இறக்குவதும் உண்டு. மறந்துபோவது கம்ப்ரெசரை. வால்வு திறந்தே இருக்கும், கம்ப்ரெசர் நின்றிருக்கும், காற்று வராது. அழுத்தம் குறைந்ததும் தானாகத் திறக்கும் மாற்று வால்வோடு ஒரு காற்றுச் சிலிண்டரை இணைத்துவிட வேண்டும்.

மின்சாரம் போன நேரத்தைவிடத் திரும்பி வரும் நேரம் ஆபத்து. வாயு வராதபோது ஆக்சிஜன் பூஜ்யத்தில் நிற்க, பி.ஐ.டி. கன்ட்ரோலரின் தொகைப் பகுதி (செட் பாயின்ட்டிலிருந்து விலகிய அளவைக் கூட்டிக்கொண்டே போவது) ஏறிக்கொண்டே போய் வெளியீடு 100ல் முட்டி நிற்கும். வாயு திரும்பியதும் ஆக்சிஜன் முழுவதும் திறந்து 150 சதவீதத்தைத் தாண்டி எகிறும். பி.எச். பக்கம் இன்னும் கெடுதல்: வாயு ஓடாததால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி பி.எச். இறங்கும், கன்ட்ரோலர் சோடியம் கார்பனேட்டை ஊற்றும். வாயு திரும்பி கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் பி.எச். 7.4க்கு மேல் ஓடும். ஊற்றிய சோடியத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இதற்கு இரண்டு பூட்டுகள் போட்டோம். வாயுவின் உண்மையான ஓட்டம் கேட்ட அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆக்சிஜன் கன்ட்ரோலரின் தொகைப் பகுதி அப்படியே உறைந்து நிற்கும். அதே நிலையில் காரப் பம்பும் நின்றுவிடும்; ஓட்டம் திரும்பி 10 நிமிடம் கழிந்தபின்தான் மறுபடி இயங்கும். சோதிக்க காற்றுக் குழாயைக் கையால் மூடி ஐந்து நிமிடம் வைத்து, திறந்து, கோட்டைப் பார்த்தால் போதும். ஆக்சிஜன் 55ஐத் தாண்டாமல் 50க்கு இறங்கினால் பூட்டு வேலை செய்கிறது. இந்தச் சோதனையைச் செல் போடுவதற்கு முன், வெறும் மீடியத்தில் நைட்ரஜனைச் சிறிது கலந்துவிட்டுச் செய்யுங்கள். ஆக்சிஜனை இழுக்க ஏதாவது இல்லாவிட்டால் கோடு அசையாது, சோதனையும் ஒன்றும் சொல்லாது.